கைதான கப்பலும் நல்ல தண்ணீரும்

கொம்புமுனைக்காரர்கள் அதுவரை மனுஷனைக் கைது செய்து பார்த்திருக்கிறார்கள், வள்ளத்தை வலையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார்கள், ஒருமுறை யாருடையதென்று தெரியாத எருமையொன்றைப் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தில் கட்டிவைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கப்பலையே கைது செய்வார்கள் என்பது அவர்களுக்குப் புதிது. கோர்ட்டு அமீனா ஒருவர் துறைமுக லாஞ்சில் வந்து, கயிற்று ஏணியில் ஏறி, கேப்டன் நிற்கும் அறையின் கண்ணாடியில் முத்திரை குத்திய காகிதம் ஒன்றை ஒட்டிவிட்டு, இறங்கி வந்து லாஞ்சின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். அவ்வளவுதான். அதோடு ‘நோரா பெல்’ என்ற அந்தக் கப்பல், வயிறு நிறையத் தேக்குத் தடிகளோடும் பதினோரு மனிதர்களோடும், கரையிலிருந்து பார்த்தால் கையை நீட்டித் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில் கைதாகி நின்றது.

“ஒத்தக் காயிதத்தை ஒட்டுனா இம்புட்டு இரும்பும் நின்னுருமா?” என்று கேட்டாள் பிரகாசி.

“காயிதந்தான்ட்டி எல்லாத்தையும் நிறுத்துது” என்றான் அவள் புருஷன் சிலுவை. வள்ளத்தின் இன்ஜின் பழுதாகி, கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி, அக்கரைச் சிறையில் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தவன் அவன். அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டான், பிரகாசியிடமும்கூட.

விஷயம் இதுதான். இரண்டு தேசத்தில் இரண்டு கம்பெனிகள் இந்தக் கப்பல் எனக்குத்தான் சொந்தம் என்று வழக்குப் போட்டிருந்தன. தீர்ப்பு வரும்வரை கப்பல் நகரக் கூடாது. கப்பலை ஆளில்லாமல் விடவும் கூடாது, ஆகையால் ஆட்களும் இறங்கக் கூடாது. மனிதர்களை யாரும் கைது செய்யவில்லை. கைதான கப்பலுக்குள் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். முதலில் கம்பெனிக்காரர்கள் சாப்பாடு அனுப்பினார்கள், பிறகு இவர் அனுப்பட்டும் என்று அவரும் அவர் அனுப்பட்டும் என்று இவரும் விட்டுவிட்டார்கள்.

பிரகாசிக்கு ஊரில் ஒரு பதவி இருந்தது. யாரும் கொடுத்ததில்லை, குரலால் பிடித்தது. கிணறுகள் எல்லாம் உப்பேறிப்போன அந்த ஊருக்குத் தண்ணி லாரி வரும்போது குடங்களை வரிசையில் வைப்பதும், வரிசை தாண்டிய குடத்தை எட்டி உதைப்பதும் அவள்தான். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸை நிறுத்த அவள் கையைக் காட்டியதே இல்லை, “ஏய்” என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும்.

அப்படிப்பட்டவளிடம் வந்து சிலுவை, “கப்பல்காரங்க தண்ணி கேக்காங்க” என்றான். வலை இழுத்துத் திரும்பும்போது மேலேயிருந்து ஒருவன் கூப்பிட்டானாம். தமிழ் ஆள், யாழ்ப்பாணத்துக்காரன், யோகராசா என்று பெயர், கப்பலில் தளத்து வேலைகளுக்கு மேஸ்திரி மாதிரி. “அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ, குடிக்கத் தண்ணி இருக்கே?” என்று கேட்டானாம்.

“நம்ம நாக்குக்கே ஈரமில்ல, இதுல கப்பலுக்கு வேறயா?” என்று கத்தினாள் பிரகாசி. கத்திக்கொண்டே இரண்டு பிளாஸ்டிக் குடத்தைக் கழுவினாள், கத்திக்கொண்டே வீட்டிலிருந்த தண்ணீரில் பாதிக்கு மேலேயே ஊற்றினாள். சிலுவையை நம்பிக் குடத்தைக் கொடுக்க மனசில்லாமல் தானும் வள்ளத்தில் ஏறினாள்.

மத்தியான வெயிலில் கப்பலின் பக்கவாட்டு இரும்பு தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மேலேயிருந்து கயிறு வந்தது. முதல் குடம் பத்திரமாக ஏறியது. இரண்டாவது பாதி தூரம் போய், இரும்பில் இடித்து, குப்புறக் கவிழ்ந்து, அத்தனை தண்ணீரும் கடலில் கொட்டிவிட்டது. பிரகாசி தன் வாயிலிருந்த நல்ல வார்த்தை கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, மிதந்த குடத்தை எட்டிப் பிடித்து, நனைந்த கையால் முகத்தைத் துடைத்தாள். உதட்டில் பட்டது. நாக்கால் தடவிப் பார்த்தாள். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

“தம்பி, வாளியைக் கட்டிக் கீழ எறக்குங்க” என்றாள் அண்ணாந்து. “மோந்து குடிங்க. நல்ல தண்ணி.”

“அக்கா, பகிடி விடாதேங்கோ. அது கடல்.”

“நான் மட்டும் கொளம்னா சொல்லுதேன்? மொதல்ல குடிச்சுப் பாருங்க.”

வாளி இறங்கியது, ஏறியது. வெள்ளைத் தாடி வைத்த கேப்டன் லாஷா, எங்கோ மலைகள் சூழ்ந்த ஜார்ஜியா தேசத்துக்காரர், ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குக் கன்னம் மாற்றிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு விழுங்கினார். பிறகு வாளியையே தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். எத்தனை காலமாய் அந்த நல்ல தண்ணீரின் மேலேயே மிதந்துகொண்டு அவர்கள் தாகத்தில் காய்ந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கடலை நக்கிப் பார்க்க யாருக்குத்தான் தோன்றும்?

மறுநாளே ஊர் கிளம்பிவிட்டது. ஏன் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தாகத்தோடு நிற்கிறவனுக்கு அந்தக் கேள்வியெல்லாம் குடித்த பிறகுதானே வரும். பிரகாசி கொட்டிய குடம்தான் காரணம் என்றார்கள் சிலர், தேக்கு ஊறிய தண்ணீர் என்றார்கள் சிலர். பிஷப் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பேசமுடியும் என்று பங்குச்சாமியார் பூசையில் சொன்னார், ஆனால் சாமியார் வீட்டுச் சமையற்காரி முதல் வள்ளத்திலேயே நாலு குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். கப்பலைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். அதற்குள் நல்ல தண்ணி, வெளியே உப்பு. வட்டத்தின் ஓரத்தில் தெர்மகோல் மிதவைகளைக் கட்டினார்கள். விளைமீன் வந்து மிதவையோரம் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. எங்கிருந்து வந்ததோ, உள்ளே குளத்துக் கெளுத்தி துள்ளியது.

கடலோரப் போலீஸ் வந்து, கைது செய்த கப்பலுக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்றது.

“சார், கைது பண்ணது கப்பலையா, கடலையுமா?” என்று பிரகாசி வள்ளத்தில் எழுந்து நின்று கேட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார், ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார், போய்விட்டார். அதற்குப் பிறகு ரோந்துப் படகு வரும்போதெல்லாம் அதில் இரண்டு காலிக் கேன்கள் இருந்தன. குடிநீர் அதிகாரி ஒருவர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

கொம்புமுனையில் பருப்பு வெந்தது. சோப்பு நுரைத்தது. பெண்களின் தலைமுடி சீப்புக்குள் வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டு மெற்றில்டாவின் சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே இருந்த சொறி ஆறி, தோல் பளபளத்தது. பதிலுக்கு ஊர், கயிற்றில் தூக்குவாளியைக் கட்டி மேலே ஏற்றியது: சாளைக் குழம்பு, இடியாப்பம், மாசிக் கருவாடு போட்ட சம்பல், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. கப்பலில் ரோமி என்று ஒருவன், பிலிப்பைன்ஸ்காரன், இரும்பு வேலை தெரிந்த பருத்த மனுஷன். பெண்கள் மோந்து ஊற்றும்போது சிந்துவதைப் பார்த்துத் தகரத்தில் ஆளுக்கொரு புனல் செய்து கீழே போட்டான். காகம் மாதிரிக் கத்துவான், பிரகாசி மாதிரிக் கத்துவான், பாட்டுப் பாடிக் கைப்பிடிக் கம்பியில் தாளம் போடுவான். அவன் சிரித்தால் கீழே வள்ளங்கள் ஆடும் என்பார்கள்.

இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான், இரண்டு கம்பெனிகளும் சமாதானம் பேசுகின்றன, அடுத்த வாய்தாவில் கப்பலை விட்டுவிடுவார்கள் போல என்று சேதி வந்தது. ஊர்த்தலைவர் ரேமாண்டு கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்.

“கப்பல் போனா தண்ணியும் போயிரும்” என்றார். “வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். ஊரு ஜீவாதாரம்னு சொல்லி நாமளும் கேஸில சேரலாம். கப்பல் இங்கயே நிக்கணும்னு கேக்கலாம். சம்மதம்னா கையைத் தூக்குங்க.”

மைதானம் முழுக்கக் கைகள். பிரகாசியின் கையும் தூக்கித்தான் இருந்தது.

மறுநாள் தண்ணீர் மோக்கப் போனபோது யோகராசா கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றான். சேதி எப்படியோ மேலே ஏறியிருந்தது.

“அக்கா, நீங்களும் கை தூக்கினனீங்களோ?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “தூக்கினேன் தம்பி.”

“பரவாயில்லை” என்றான். “நானும் தண்ணியில்லாத ஊரிலதான் பிறந்தனான்.” அவனுக்கு ஒரு மகள் இருந்தாள், அவன் கப்பல் ஏறிய பிறகு பிறந்தவள். சிலுவையின் போனில் அவளைப் பார்த்திருக்கிறான். அதைப் பற்றி அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிரகாசிக்குக் கத்தவாவது வழி கிடைத்திருக்கும்.

அந்த வாரத்தில் ஒரு காலை. கப்பலைச் சுற்றி ஏழெட்டு வள்ளம், எல்லாவற்றிலும் பெண்கள், குடங்கள், புனல்கள், பேச்சு. மேலே ரோமி வந்தான். தேய்த்த சட்டை, கால்சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, வகிடெடுத்த தலை, தோளில் பை. “எங்க கல்யாணத்துக்கா?” என்று மெற்றில்டா கேட்டுச் சிரித்தாள். ரோமி சிரிக்கவில்லை. கம்பியைத் தாண்டி ஏறி, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் போல ஒரு காலை முன்னால் வைத்து, அப்படியே இறங்கினான்.

குடங்களுக்கு நடுவில் விழுந்தான். பிரகாசி அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள், மெற்றில்டா பையைப் பிடித்தாள், இன்னும் நாலு பேர் சேர்ந்து அந்தப் பருத்த உடம்பை வள்ளத்துக்குள் உருட்டினார்கள். அவன் திமிறினான். கரையைக் காட்டிக் காட்டித் தன் பாஷையில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“என்ன சொல்லுதாரு?” என்று பிரகாசி மேலே பார்த்துக் கத்தினாள்.

யோகராசா கம்பிக்கு வெளியே குனிந்தான். “இறங்குற இடம் வந்திட்டுதாம், அக்கா. வீட்டை போறன் எண்டு சொல்லுறார்.”

வீட்டுக்கு அனுப்ப முடியாது. கரைக்குக்கூடக் கொண்டுபோக முடியாது, சட்டம். மேலேயிருந்து கயிறு வந்தது, தினமும் தூக்குவாளி ஏறும் அதே கயிறு. பிரகாசி தன் கையால் அதை ரோமியின் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அவன் திமிறுவதை நிறுத்திவிட்டு, முடிச்சுப் போடும் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் மேலே போனான். அன்றைக்கு எந்தக் குடமும் நிறையவில்லை. வள்ளங்கள் வெறுமனே திரும்பின.

பிரகாசி அடுப்பு மூட்டவில்லை. சுவரில் சாய்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலுவை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அக்கரையிலிருந்து திரும்பி வந்தபின் முதல் தடவையாக அதைப் பேசினான்.

“அங்க எங்களுக்குக் காவலுக்கு நின்னவன் நல்லவந்தான்ட்டி. பீடி தருவான். வீட்டுல சோறு கட்டிக் கொண்டாந்து தருவான். ஒம் பேரெல்லாம் அவனுக்குத் தெரியும், பிரகாசி எப்படி இருப்பா, கறுப்பா செகப்பான்னு கேப்பான். நானும் சிரிச்சுத்தான் பேசுவேன். ஆனா சாவி அவன் இடுப்புலதான் தொங்கும். நான் அவன் மூஞ்சியைப் பாத்ததே இல்ல. அந்தச் சாவியைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்.”

பிரகாசி எழுந்தாள். நேராக ரேமாண்டு வீட்டுக்குப் போனாள், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “தலைவரே, திரும்பக் கூட்டம் போடுங்க” என்றாள்.

இந்தத் தடவை மைதானத்தில் அவள் கத்தவில்லை. அதனாலேயே எல்லோரும் காது கொடுத்தார்கள். “அந்த மனுஷனை நாந்தான் கட்டி மேல ஏத்துனேன்” என்றாள். “தண்ணி மோக்கப் போனவ, காவக்காரியாத் திரும்பி வந்திருக்கேன். அவிய அடைபட்டுக் கெடக்கதுதான் நமக்குத் தண்ணியா இருக்கு. அந்தத் தண்ணி எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்கு.”

மெற்றில்டா எழுந்தாள், இடுப்பில் சின்னவள். “எம் புள்ள ராத்திரி அழாம ஒறங்குறது இப்பத்தான். இதுக்கு என்ன சொல்லுத?”

பிரகாசியிடம் அதற்குப் பதில் இல்லை. இல்லையென்று சொன்னாள். கப்பலின் ஒரு விளக்கு எரிவது அங்கிருந்தே தெரிந்தது.

“அப்ப தண்ணிக்கு?” என்றார் ரேமாண்டு கடைசியில்.

“லாரி வரும். வரலைன்னா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல குடத்தோட போய் உக்காருவோம். நமக்குப் பழகுனதுதானே.”

மெற்றில்டா பிள்ளையை இடுப்பு மாற்றினாள். “ஏட்டி, கோர்ட்டுக்கு எப்பப் போறோம்?” என்றாள். “எனக்கும் பஸ்ஸுல ஒரு எடம் போடு.”

கோர்ட்டு வராந்தா முழுக்க மீன் வாசம். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்த பெண் நீதிபதி, முன்னால் நின்ற பிரகாசியைப் பார்த்தார், பின்னால் நின்ற முப்பது நாற்பது பெண்களைப் பார்த்தார். கம்பெனிகளின் சமாதானப் பேச்சு முறிந்துபோயிருந்த நாள் அது; வழக்கு இன்னும் பல வருஷம் போகும் என்று வக்கீல்கள் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்கள்.

“கப்பல் நிற்க வேண்டும் என்று உங்கள் ஊர்தானே மனு கொடுத்தது?”

“ஆமாம்மா. கப்பலை வச்சுக்கோங்க, அது இரும்பு, அதுக்கு வீடு கெடையாது. ஆளுகளை விட்டுருங்க.”

“ஆளில்லாமல் கப்பலை நிறுத்த முடியாதம்மா. நங்கூரச் சங்கிலி அறுந்தால், தீப்பிடித்தால் யார் பொறுப்பு?”

“எங்க வீட்டு ஆம்பளைங்க மொறை வச்சுக் காவல் இருப்பாங்க. சாயங்காலம் வேற ஆளு போவான், இவன் வீட்டுக்கு வந்துருவான். எங்களுக்கு வீடு பக்கத்துலதானேம்மா இருக்கு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது என்றும், பொறுப்பேற்க ஒருவர் முன்வர வேண்டும் என்றுதான் இதுவரை காத்திருந்ததாகவும் வக்கீல்களிடம் சொன்னார். பிறகு பிரகாசியிடம், “அந்தத் தண்ணீர் பற்றி நானும் கேள்விப்பட்டேன். ஆட்கள் போனால் அதுவும் போய்விட்டால்?” என்று கேட்டார்.

“போச்சுன்னா போச்சும்மா” என்றாள் பிரகாசி.

பதினோரு பேரும் இறங்கிய நாளில் கொம்புமுனையில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. வள்ளங்கள் வரிசையாகப் போய்க் கப்பலைச் சுற்றி நின்றன. கயிற்று ஏணியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரோமிக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டது பிரகாசி. கடைசியாகக் கேப்டன் லாஷா கப்பலின் இரும்பை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வள்ளத்தில் கால் வைத்தார். பிரகாசி கையைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. சிலுவை அவள் முகத்தைப் பார்த்தான், அவள் தலையை ஆட்டினாள், அவன் இன்ஜினைக் கிளப்பினான்.

கரைக்கு வந்ததும் அந்த மனிதர்கள் நடக்கவில்லை. முதலில் கேப்டன் ஷூவைக் கழற்றினார், அதைப் பார்த்து எல்லோரும் கழற்றினார்கள். ஈர மணலில் வெறுங்காலோடு ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். தரை ஆடாமல் இருந்தது அவர்களுக்கு மயக்கமாக வந்தது, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ரோமி குதிகாலை மணலுக்குள் அழுத்தி அழுத்தி ஊன்றினான். பிறகு நிமிர்ந்து பிரகாசியைப் பார்த்து, அவளுடைய குரலிலேயே, “ஏய்!” என்று ஒரு சத்தம் போட்டான். கரையே சிரித்தது. அவளும் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேன் வந்தது, ஏறினார்கள், போனார்கள்.

லாரித் தண்ணீர் மறுபடி வந்தது, வராமலும் இருந்தது. பருப்பு மறுபடி வேக மறுத்தது. மெற்றில்டாவின் சின்னவள் கையைச் சொறிய ஆரம்பித்தாள். ஊரில் யாரும் பிரகாசியை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குடங்களை வரிசையில் வைக்கும்போது குரல் தாழ்ந்துபோயிருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தை ஊர் கவனித்திருந்தது. அந்தக் காலடிகள் அழியவில்லை. அலை வந்து மூடும், வடியும், பதினோரு ஜோடிக் காலடியும் அச்சுக் குலையாமல் அப்படியே இருக்கும். வலை உலர்த்துகிறவர்கள் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். அதற்குள் கடல்நீர் தேங்கி நிற்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு ஒரு நாள், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு கரை வழியே வந்த பிரகாசி, ரேமாண்டு வீட்டு வெள்ளாடு ஒன்று அங்கே முன்னங்காலை மடித்து, காலடிக்குள் வாயை வைத்து, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். உப்புத் தண்ணீரை ஆடு அப்படிக் குடிக்காது. அவள் கூடையைப் போட்டுவிட்டு, ஆட்டைத் தள்ளி, மண்டிபோட்டாள். இரண்டு கையாலும் மணலைப் பறித்தாள். பறிக்கப் பறிக்க ஊறியது. அன்றைக்கு அவள் போட்ட சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

இப்போது கொம்புமுனைக் கரையில் பதினோரு ஊற்று இருக்கிறது. கோடையில் கொஞ்சம் தாழும், வற்றாது. கேப்டன் ஊத்தில் தண்ணி ஜில்லென்று இருக்கும். ரோமி ஊத்துதான் ஆழம், குதிகாலை அப்படி ஊன்றியிருந்தானே. எது ருசி என்பதில் தெருவுக்குத் தெரு சண்டை. கப்பல் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, வழக்கு நடக்கிறது, ஊர் ஆட்கள் முறை வைத்துக் காவல் இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் யோகராசா போன் பண்ணினான். பின்னாலே ஒரு பெண் குழந்தை எதற்கோ அடம் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தது.

“நல்லாக் கத்துதே, யாரு மாதிரி?” என்றாள் பிரகாசி.

“உங்களை மாதிரித்தான் அக்கா” என்று சிரித்தான். “என்ர பேரில அங்க ஒரு ஊத்து இருக்காம், உண்மையோ? சிலுவை அண்ணை சொன்னவர். நான் நம்பேல்லை.”

பிரகாசி கரையில்தான் நின்றிருந்தாள். யோகராசா ஊத்தில் அப்போது மெற்றில்டா கொட்டாங்கச்சியால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் அவள் சின்னவள் மணலில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். பிரகாசி குனிந்து, போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள். குடம் நிறைகிற சத்தம் முழுக்க முடியும்வரை அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. அந்தக் குழந்தைகூட அழுகையை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது.